கயிற்றின் மறுமுனை

சில ஆண்டுகளுக்கு முன் ஒடுகத்தூரில் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தேன். ஆம்பூர்ப் பக்கத்து டேனரி ஒன்றில் கழிவுநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்ய இறங்கிய வாலிபர் மூச்சுத் திணறி மவுத்தாகிவிட்டார். வந்தவர் அனைவரும், "அல்லாஹ்வின் நாட்டம், தக்தீரை யாரால் மாற்ற முடியும்?" என்றனர். நானும் அதையே சொன்னேன். திரைக்கு அப்பாலிருந்து அவருடைய தாயார், "ஹஜ்ரத், அல்லாஹ் நாடியதை நான் பொருந்திக்கொண்டேன். ஆனால், தொட்டிக்குள்ளே என்ன இருக்கிறதென்று என் பிள்ளைக்குச் சொல்லித்தான் இறக்கினார்களா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

உள்ளே இருந்தது யாது? தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பது நம் பகுதியார் அறிந்ததே. அக்கழிவுநீர் அமிலங் கலந்த கழிவுநீரோடு சேருமானால், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. காற்றினும் கனமானதாகையால் அது தொட்டியின் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ மோப்ப உணர்வே மரத்துப்போகும். 'நாற்றம் நின்றுவிட்டது' என்று ஆறுதல் கொள்ளும் கணமே ஆபத்தின் உச்சமாயிருக்கலாம். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் உடன் மடிவது இதனாலன்றோ!

இவையெல்லாம் நெடுங்காலமாக அறியப்பட்டவை. இத்தகைய தொட்டிக்குள், காற்றைச் சோதித்துத் தக்கவர் எழுத்தில் சான்றளித்த பின்னரே இறங்கலாம். இல்லையேல் சுவாசக் கருவி அணிந்து, இடைவாரில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு விதித்தது. ஆகவே, 'எதிர்பாராத விபத்து' என்பது பெரும்பாலும் எதிர்பார்த்திருக்க வேண்டிய விபத்தேயாகும்.

'தொழிலாளியின் கவனக்குறைவு' என்பாரும் உளர். 2015 ஜனவரி 31 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலார் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உறங்குகிறவரிடம் என்ன கவனக்குறைவைக் காண்பது?

இனி, தக்தீரைப் பார்ப்போம். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியது கேட்டு வழியிலேயே திரும்பிய ஹஸரத் உமர் (ரலி) அவர்களிடம், இறை விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்கள் தந்த விடையின் கருத்து. தப்பும் வழியும் தக்தீரில் அடங்கியதே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் இதற்காகவே.

'வேண்டுமென்று செய்யவில்லையே' என்னும் சமாதானமும் நிற்காது. தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் ஈட்டுத் தொகையையும் பரிகாரத்தையும் சூரத்துன் னிஸாவின் 92ஆம் வசனம் கடமையாக்குகிறது. பொதுவழியில் அனுமதியின்றிக் கிணறு தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால், தோண்டியவர் மீது பொறுப்புண்டு என்பது ஹனஃபி ஃபிக்ஹின் தீர்ப்பு. தன் நிலத்துக் கிணற்றுக்கு ஈடில்லை என்பது மெய்யே. ஆயினும், யாரோ தவறி விழும் கிணறும், நஞ்சு இருக்கக்கூடும் என்றறிந்தும் கூலிக்கு ஆளை இறக்கும் தொட்டியும் என் சிற்றறிவுக்கு ஒன்றாகத் தோன்றவில்லை.

தக்தீர் என்னும் சொல் இழந்தவரின் நாவில் ஸப்ராகும். இறக்கியவரின் நாவிலோ அது தப்பித்தலாகும். துக்க வீட்டில் அச்சொல்லைச் சொல்லும் நாம், தொழிற்கூடத்தில் கேள்வி கேட்கவும் கடமைப்பட்டவர்கள். இதை வாசிக்கும் குடும்பங்களில் முதலாளிகளும் உண்டு, தொழிலாளிகளும் உண்டு. இறக்குபவர் காற்றைச் சோதிக்கட்டும். இறங்குபவர் சோதனை முடிந்ததா என்று கேட்கட்டும். கேட்டதற்காக அவர் வேலையை இழக்காதிருக்கட்டும்.

ஒட்டகத்துக்கே கயிறு கட்டச் சொன்ன மார்க்கத்தில், மனிதனைக் கயிறின்றி இறக்கலாமா? அக்கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்தது என்றுதான் அந்தத் தாய் கேட்டார்.