வர மறுத்தவள்

குதிரையும் துப்பாக்கியும் வரும் அமெரிக்கப் படங்களின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. எல்லாவற்றிலும் ஒரே கதை. ஊருக்குப் புதிதாக ஒருவன் வருவான். அங்கே கெட்டவன் ஒருவன் இருப்பான். ஒரு பெண் கண்ணீர் வடிப்பாள். கடைசியில் துப்பாக்கி வெடிக்கும். பெண் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நம்முடைய பழைய ராஜா ராணிப் படங்களில் வாளை வைத்துச் செய்த காரியத்தை அவர்கள் துப்பாக்கியை வைத்துச் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்பது என் கட்சி.

அந்தக் கட்சியோடுதான் சென்ற மாதம் ஒரு நாள் இரவு, பழைய தொடர் ஒன்றின் டிவிடி தகட்டைக் கருவியில் செருகினேன். தகட்டைக் கொடுத்தவர் என் நண்பர். அமெரிக்காவில் பல காலம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். பெட்டிகளைப் பிரித்து அடுக்கும்போது அகப்பட்டதாம். "கதை எழுதுகிறவர் பார்க்க வேண்டியது, ஸார். முழுவதும் பார்க்காவிட்டாலும் முதல் பகுதியையாவது பாருங்கள்" என்றார். எங்கள் வீட்டு டிவிடி கருவி பரணில் ஏறி வருஷங்கள் ஆகிவிட்டன. அதை இறக்கி, தூசி தட்டி, எந்த ஒயரை எந்தத் துவாரத்தில் செருகுவது என்று நான் திண்டாடிக்கொண்டிருந்ததைப் பையன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். "இதுக்குப் போயா அப்பா இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டான். அவன் கேட்டது நியாயந்தான். கறுப்பு வெள்ளைப் படம். பகுதிக்கு அரை மணிக்கும் குறைவு. 1960-ஆம் வருஷத்துச் சரக்கு.

தொடரின் பெயர் 'தி வெஸ்டர்னர்'. ஆக்கியவர் சாம் பெக்கின்பா. பிற்காலத்தில் 'ரைட் தி ஹை கன்ட்ரி' (1962), 'தி வைல்ட் பன்ச்' (1969) முதலிய படங்களை எடுத்துப் பெயர் வாங்கி, ரத்தத்தைத் திரையில் ஆறாக ஓட விட்டார் என்று திட்டும் வாங்கி, 1984-இல் காலமானவர். 1960-இல் அவர் டெலிவிஷனுக்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞர். அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் இரவானால் குதிரைக் குளம்புச் சத்தந்தான். வாரத்துக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கௌபாய்த் தொடர்கள் ஓடின. 'கன்ஸ்மோக்' என்ற ஒன்று மட்டும் 1955 முதல் 1975 வரை 635 பகுதிகள் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடருக்குப் பெக்கின்பாவும் எழுதியவர்தாம். பிறகு 1958-இல் 'தி ரைஃபிள்மேன்' என்ற தொடர் அவர் கதையிலிருந்து பிறந்தது. தாயில்லாத ஒரு பையனும் அவன் தகப்பனும் அதில் முக்கியம். பையன் உலகத்தைப் பார்த்துப் பார்த்து வளர வேண்டும், வளர்ச்சியின் வலி அதில் தெரிய வேண்டும் என்பது எழுதியவரின் ஆசை. பையன் பையனாகவே இருக்கட்டும் என்பது முதல் போட்டவர்களின் ஆசை. முதல் போட்டவர்களே ஜெயித்தார்கள், பெக்கின்பா வெளியேறினார்.

வெளியேறியவர் தம் மனசுப்படி செய்த தொடர்தான் இது. அதன் நாயகன் டேவ் பிளாஸிங்கேம். பிரையன் கீத் என்ற நடிகர் போட்டிருக்கிறார். ஷெரீப் இல்லை, பெரிய சூரன் இல்லை. கூலிக்கு மாடு மேய்ப்பவன். எழுத்து வாசனை அதிகம் இல்லாதவன். என்றைக்காவது சொந்தமாக ஒரு பண்ணை வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். குடிப்பான், முட்டாள்தனமாகச் சண்டைக்கும் போவான். கூட ஒரு பெரிய நாய். அதன் பெயர் பிரௌன். 'ஓல்ட் யெல்லர்' படத்தில் நடித்து ஊரையே அழவைத்த அதே நாய்தான்.

1960 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை இரவு, என்.பி.ஸி. ஒளிபரப்பில் முதல் பகுதி வந்தது. அதே இரவு, அதே நேரத்தில், வேறொரு நிறுவனம் கற்காலக் குடும்பம் ஒன்றைப் பற்றிய சித்திரத் தொடரை ஆரம்பித்தது. அதுதான் 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்', உலகம் முழுவதும் குழந்தைகளுக்குத் தெரியும். மூன்றாவது நிறுவனத்தில் இரண்டு வாலிபர்கள் மோட்டார் காரில் ஊர் ஊராகச் சுற்றும் 'ரூட் 66'. இரண்டுக்கும் நடுவில் இது நசுங்கிப்போயிற்று. பதின்மூன்று பகுதிகள்; வருஷம் முடிந்தது, தொடரும் முடிந்தது. பிறகு இதை நினைவில் வைத்திருந்தவர்கள் பெக்கின்பாவின் ரசிகர்கள் சிலர்தாம். அவற்றில் ஒரு பகுதியை மட்டும், அதை இயக்கிய டாம் கிரைஸ் 1968-இல் 'வில் பென்னி' என்று முழுப் படமாக எடுத்தார். மற்றபடி 2017-இல் தொடர் முழுவதும் தகடாக வரும்வரை ஐம்பத்தேழு வருஷத் தூக்கம்.

சரித்திரம் போதும். என்னைத் தூங்கவிடாமல் செய்தது முதல் பகுதிதான். அதன் பெயர் 'ஜெஃப்'. ஜெஃப் என்பது ஆண் பெயர்போல் இருந்தாலும் ஒரு பெண். டேவுக்கு முன்பு தெரிந்த பெண். அவள் இப்போது ஒரு சாராயக்கடையில், குத்துச்சண்டைக்காரன் ஒருவன் பிடியில் இருக்கிறாள். எப்படிப்பட்ட வாழ்க்கை என்பதை 1960-இன் டெலிவிஷன் வாயைத் திறந்து சொல்ல முடியாது; ஆனால் தெரிகிறது. டேவ் அவளை அழைத்துக்கொண்டு போவதற்காக வருகிறான். பேசுகிறான். சண்டையும் நடக்கிறது. எல்லாம் ஆன பிறகு அந்தப் பெண் அவனோடு போகவில்லை. அங்கேயே இருந்துவிடுகிறாள். டேவ் தன் நாயோடு கிளம்பிப் போகிறான். முடிந்தது.

என்ன துணிச்சல் பாருங்கள்! தொடரின் முதல் நாள். ஜனங்கள் சாப்பிட்டுவிட்டு, குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தப் புது நாயகன் யாரை எப்படிக் காப்பாற்றப்போகிறான் என்று காத்திருக்கிறார்கள். அவன் யாரையும் காப்பாற்றாமல் போகிறான். ஜனங்கள் கற்காலக் குடும்பத்தின் பக்கம் திரும்பியதில் என்ன ஆச்சரியம்? நானும் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பிழைப்பவன். "அந்தப் பெண்ணைக் கடைசி அத்தியாயத்திலாவது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், ஸார்" என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. கொண்டுவந்து சேர்த்தேன். நிறையக் கடிதங்கள் வந்தன.

மறுநாள் நண்பரிடம் கேட்டேன்: "உங்கள் நாயகன் செய்தது சரியா? அவள் பயந்துபோய் இருக்கிறாள். பயந்தவள் 'வரமாட்டேன்' என்றால் அது அவள் வார்த்தையா? குழந்தை கிணற்றுப் பக்கம் ஓடினால் அதன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டா நிற்போம்? கையைப் பிடித்து இழுத்துக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டாமா?"

நண்பர் சிரித்தார். "அவள் குழந்தை இல்லையே, ஸார். அவளை ஏற்கெனவே ஒருவன் கையைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறான். இவனும் இழுத்தால் இவன் இரண்டாமவன். குதிரை வேண்டுமானால் நல்ல குதிரையாக இருக்கலாம்."

பேச்சு அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. 'அவள் இஷ்டம்' என்று சொல்லிவிட்டுப் போவதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது அல்லவா? உலகத்தில் அடிபடுகிறவர்களைப் பார்த்து அடிபடாதவர்கள் அதிகமாகச் சொல்லும் வார்த்தை அதுதான். பயத்திலே பிறந்த 'வேண்டாம்' ஒன்று. போக்கிடம் இல்லாமையில் பிறந்த 'வேண்டாம்' ஒன்று. இவ்வளவு காலம் பட்டது வீணாகிவிடக்கூடாது என்று மனசு பிடிக்கிற பிடிவாதம் இன்னொன்று. அன்பு என்று சொல்லக் கூசுகிற ஒருவித ஒட்டுதலும் உண்டு. வெளியே நிற்கிறவனுக்கு எல்லாம் ஒரே சொல்லாகத்தான் காதில் விழும். எது எது என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு அவகாசம் இல்லை, பொறுமையும் இல்லை.

இது புத்தக ஞானம் இல்லை. நானும் ஒரு வாசலில் போய் நின்றவன்.

இருபது வருஷத்துக்கு முந்திய விஷயம். என் சித்தப்பா மகள் ஒருத்தியைப் பவானியில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை தறி வைத்திருந்தவர். தறியில் நஷ்டம் வந்த நாளெல்லாம் அவள் முதுகில் அது தெரிந்தது. தெரிந்தும் இரண்டு வருஷம் பெரியவர்கள் பேசிப் பேசிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நாலு கதை அச்சில் வந்திருந்தது. அநியாயத்தைக் கண்டால் பொங்க வேண்டும் என்று நம்பியிருந்தேன். ஒரு வாடகை வேனை எடுத்துக்கொண்டு, சிநேகிதர்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். தெருவே கூடிவிட்டது. அந்த மனிதரைச் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தோம். நான் என்னவெல்லாமோ பேசினேன். நல்ல வசனமாகத்தான் இருந்திருக்கும். பிறகு அவளைப் பார்த்து, "புறப்படு" என்றேன்.

அவள் நிலைப்படியில் நின்றாள். இடுப்பில் குழந்தை. தெருவில் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தாள். சட்டை கிழிந்து நின்ற புருஷனையும் பார்த்தாள். "நீங்க கெளம்புங்கண்ணா. சோத்து நேரமாயிருச்சு. அவரு பசி தாங்கமாட்டாரு" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் அவர்மேல் வந்ததைவிட அதிகம். இவ்வளவு பேருக்கு நடுவில் என்னை முட்டாளாக்கிவிட்டாளே என்பதுதான் அந்த ஆத்திரம். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. தர்மாவேசம் என்று நினைத்துக்கொண்டேன். "இனிமேல் நீ செத்தாலும் எங்கள் வாசலை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். வழியில் சிநேகிதர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பெண் புத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

அதனால்தான் டேவ் பிளாஸிங்கேம் கிளம்பிப் போகிற காட்சியை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இழுத்திருக்க வேண்டுமா, விட்டிருக்க வேண்டுமா என்று நண்பரோடு வாதாடினேனே, அது உண்மையில் என் கேள்வியே இல்லை. என்னால் இழுத்துக்கொண்டு வந்திருக்க முடியாது; சட்டமும் ஊரும் விட்டிருக்காது. மறுப்பை வாங்கிக்கொண்டு எப்படித் திரும்புவது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போன வித்தை. அந்த மாட்டுக்காரன் எழுத்து வாசனை இல்லாதவன். ஆனால் அவளைத் தண்டிக்காமல் திரும்புகிறான். துக்கத்தோடு போகிறான், சரி; ஆனால் அந்தத் துக்கத்துக்கு வட்டி கேட்கவில்லை. வந்த உதவியை மறுத்த குற்றத்துக்காக அவளிடமிருந்து எதையும் பறித்துக்கொண்டு போகவில்லை. நானோ அவளுக்கு இருந்த ஒரு வாசலையும் அடைத்துவிட்டுத்தான் வந்தேன். அதையும் அவளுக்கு நல்லது செய்யப் போன அதே பிரயாணத்தில்.

பெக்கின்பாவின் ஆட்கள் பொதுவாக இப்படிப் பொறுமைசாலிகள் இல்லை. பின்னாளில் அவர் எடுத்த படங்களில் தோட்டாக்கள்தாம் பேசுகின்றன. அவர் படங்களில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றிய ஆட்சேபங்கள் எனக்கும் உண்டு. டெலிவிஷன் கட்டுப்பாட்டுக்குள், அரை மணிக்குள், துப்பாக்கியால் தீராத ஒரு விஷயத்தை அவர் எடுத்துக்கொண்டது எப்படி என்று யோசிக்கிறேன். பதில் தோன்றவில்லை. தொடரின் மற்றப் பகுதிகளையும் பார்த்தேன். பர்கண்டி ஸ்மித் என்று ஒரு தளுக்குப் பேர்வழி வருகிறான். அவன் வருகிற பகுதிகளில் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் தங்கை பிறகு ஆறு வருஷம் அங்கே இருந்தாள். அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில், யாரும் வேன் கொண்டுபோய் நிற்காமல், தானாகவே புறப்பட்டு வந்துவிட்டாள். குழந்தையையும் ஒரு துணிப் பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். திருப்பூரில் கூடப் படித்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டில் போய் இறங்கி, பனியன் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்களுக்குத் தெரியவந்தது மூன்று மாதம் கழித்து. பவானியிலிருந்து திருப்பூர் போகிற அந்த பஸ் எங்கள் தெரு முனையில் நின்றுதான் போகும். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, டீக்கடைக்கு எதிரே. அந்த நேரத்தில் நான் வழக்கமாக விழித்துக்கொண்டுதான் இருப்பேன். அப்போதுதான் எழுத்து வேலை.

கல்யாணம் காட்சிகளில் இப்போது சந்திக்கிறோம். "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். பெண் காலேஜில் படிக்கிறாள் என்பாள். அந்த பஸ் எங்கள் தெருவில் நின்றபோது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாளா என்று நான் கேட்டதில்லை.