தாச்சிக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை

நோன்பு மாதத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் காத்தான்குடிப் பிரதான வீதிக்கு வேறொரு முகம் வந்துவிடும். நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்கள், இரு பக்கமும் அடுப்பில் ஏறிய தாச்சிகள். சமூசா, ரோல்ஸ், கட்லட், கடலை வடை. விடிந்ததிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் தொண்டையில் இறங்காத மனிதர்கள் அவற்றைச் சுற்றிப் பொறுமையாக நிற்பார்கள்.

போன நோன்பில் அப்படி ஒரு தாச்சியின் முன்னால் நானும் நின்றேன். எண்ணெய் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. அடியில் கருகிய மாவுத் துணுக்குகள் மண்டியாகப் படிந்திருந்தன. சமூசாவைப் போட்டதும் பொங்கிய நுரை அடங்கவேயில்லை. எண்ணெய் குறைந்ததும் வேலைக்கு நின்ற பையன் மஞ்சள் கேனைத் தூக்கிப் புது எண்ணெயைப் பழையதன் மேலேயே ஊற்றினான்.

"எத்தனை நாள் எண்ணெய் தம்பி?" என்று கேட்டேன்.

பதில் முதலாளியிடமிருந்து வந்தது. "ஹலால் எண்ணெய்தான் சேர். கேனப் பாருங்க."

பார்த்தேன். முத்திரை இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்பது அவருக்கும் படவில்லை, பக்கத்தில் நின்றவர்களுக்கும் படவில்லை. அன்று சமூசா வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். அந்தப் பதில் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

எண்ணெய்க்கு மார்க்கம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சூடும் காற்றும் நீரும்தான். 180 பாகை செல்சியஸ் அளவில் சூடேறிய எண்ணெயில் ஈரமான மாவு விழும்போது, மாவிலுள்ள நீர் எண்ணெயின் மூலக்கூறுகளை உடைக்கிறது. காற்றிலுள்ள ஒட்சிசன் அவற்றோடு சேர்ந்து புதுப் பொருட்களை உண்டாக்குகிறது. அவற்றில் சில கண்ணை எரிக்கும் புகையாக வெளியேறும். மிச்சம் எண்ணெயிலேயே தங்கி வடையோடு வயிற்றுக்குள் போகும். நிறம் கறுப்பதும் நுரை அடங்காததும் எண்ணெய் தன் நிலையைத் தானே சொல்லும் அடையாளங்கள். புது எண்ணெயைக் கலந்தால் பழையது புதிதாகாது. பழையதில் ஏற்கெனவே உண்டான பொருட்கள் புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். இதய நோய்க்குப் பயந்து சிலர் சூரியகாந்தி எண்ணெய் வாங்குகிறார்கள். கறிக்குத் தாளிக்க அது நல்லதுதான். மணிக்கணக்காகப் பொரித்தால் பாம் எண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும்விட அது வேகமாகச் சிதையும். போத்தலுக்குள் இருக்கும்போது எந்த எண்ணெய் நல்லது என்பதை மட்டும் வைத்து, தாச்சிக்குள் நடப்பதைத் தீர்மானிக்க முடியாது.

இந்தியாவில் 2018 முதல் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சிதைந்த எண்ணெயில் சேரும் 'மொத்தத் துருவச் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. கையடக்கமான ஒரு கருவியைத் தாச்சிக்குள் விட்டு நின்ற இடத்திலேயே அளந்துவிடலாம். இங்கே இலங்கையிலும் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். ஆனால் நோன்பு காலத்து மாலையில் ஒவ்வொரு தாச்சிக்கும் ஒரு பரிசோதகரை நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் முடியாது. நிற்க வேண்டியது நாம்.

2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகப் பொதுபல சேனா என்ற பௌத்தக் கடும்போக்கு அமைப்பு கிளம்பியபோது நமக்கு எவ்வளவு வலித்தது! வலித்தது நியாயம்தான். நம் உணவைத் தெரிந்து உண்ணும் உரிமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அந்த இலச்சினைக்காகக் கொதித்த நாம், அது ஒட்டப்பட்ட கேனிலிருந்து ஊற்றிய எண்ணெய் நாலாம் நாளும் கொதிப்பதைக் கண்டு ஒருநாளாவது கொதித்தோமா? குர்ஆன் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப், அதாவது நல்லது, தூய்மையானது என்ற சொல்லையும் சேர்த்தே வைத்திருக்கிறது. நாம் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டோம்.

தானியம் விற்ற வியாபாரியிடம் நபியவர்கள் வந்த நிகழ்ச்சி மதரசாவில் ஓதிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் குவியலைப் பார்த்துவிட்டுப் போகவில்லை. அதற்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் நபியவர்களின் கேள்வி. அந்தத் தானியம் ஹராம் அல்ல. மறைத்ததுதான் குற்றம். கையை உள்ளே விட்டுப் பார்ப்பதைத்தான் நான் பகுத்தறிவு என்கிறேன். அதை மார்க்கத்துக்கு எதிரியாக்கியது யார்?

மொரோக்கோவின் மெக்னஸ் நகரில் 1959இல் நடந்ததை நம் ஊரில் அதிகம் பேர் அறியமாட்டார்கள். அமெரிக்க விமானத் தளமொன்றிலிருந்து மலிவாக வந்த, விமான எஞ்சினுக்கான மசகு எண்ணெயை வியாபாரிகள் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். அதிலிருந்த டிரைகிரெசில் பொஸ்பேட் நரம்புகளைத் தாக்கியது. சுமார் 10,000 பேருக்குக் கை கால் விழுந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், மலிவு என்பதால் வாங்கியவர்கள். அந்த எண்ணெயில் பன்றிக் கொழுப்பு இல்லை, மது இல்லை. நம் ஊர்க் கடைக்காரர் சொன்ன பதிலை அந்த வியாபாரிகளும் சொல்லியிருக்க முடியும்.

செக்கில் ஆட்டினால் எல்லாம் சுத்தம் என்பதும் இதே மாதிரிக் கேள்வி கேட்காத தூக்கம்தான். 2021 மார்ச்சில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் இருப்பது தெரிந்து நாடே அலறியது. கொப்பரை சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்தால் உண்டாகும் நஞ்சு அது, ஈரலில் புற்றுநோய் வரவைப்பது. அந்தப் பூஞ்சணத்துக்கு வெளிநாட்டுக் கொப்பரை, உள்நாட்டுக் கொப்பரை என்ற பேதமில்லை. சுத்திகரித்தால் பெரும்பாலும் நீங்கிவிடும் அந்த நஞ்சு, பூஞ்சணக் கொப்பரையைச் செக்கில் ஆட்டினால் எண்ணெயிலும் இறங்கி நிற்கும். என் உம்மம்மா தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயின் வாசம் இன்றும் மூக்கில் இருக்கிறது. ஆனால் அதே உம்மம்மா பிறந்த பிள்ளையின் மூக்கிலும் இரண்டு சொட்டு விடுவா. அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும் என்று அவவுக்கு யாரும் சொல்லவில்லை. நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவவின் அறியாமைக்கு இருந்த மன்னிப்பு நமக்கு இல்லை.

நபிமொழியில் வரும் கருஞ்சீரகத்தின் எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் குடிப்பவரைக் குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சீனி வருத்தக்காரர் ஒருவரிடம் "குளிசையை விட்டுட்டு இதக் குடிங்க" என்று சொல்லி ஒரு போத்தல் விற்பவர், அவருடைய ஈமானை முதலாக வைத்து வியாபாரம் செய்கிறார். நாளைக்கு அந்த மனிதரின் கால்விரல் கறுத்தால் விற்றவர் வந்து நிற்பாரா?

எனக்கு அதிகம் வலிப்பது கடைக்காரரை நினைத்தல்ல. எண்ணெய் விலை ஏறிக் கிடக்கிறது, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலிப்பது தர்மம் செய்யும் நம்மை நினைத்து. ஏழைகளுக்கு நோன்பு திறக்கக் கொடுக்க ஆயிரம் சமூசா ஓடர் கொடுக்கிறோம். எங்கே ஒரு ரூபாய் குறைவு என்று நாலு கடை விசாரிக்கிறோம். அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து குறைகிறது? மாவிலிருந்தா, மரக்கறியிலிருந்தா? பெரும்பாலும் மாற்றாமல் விட்ட எண்ணெயிலிருந்து. நம் வீட்டுப் பிள்ளைக்குப் புது எண்ணெயில் பொரித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு அநாதைப் பிள்ளைக்குக் கறுத்த எண்ணெயில் பொரித்ததைக் கொடுத்து, அதற்கு நன்மையும் எதிர்பார்க்கிறோம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, தனவந்தர்களே, இந்த வருடம் ஆயிரத்துக்குப் பதில் எழுநூறு கொடுங்கள். மிச்சப் பணத்தில் தினமும் எண்ணெய் மாற்றச் சொல்லி, கடைக்காரருக்கு அதற்கான விலையையும் கொடுங்கள். பாவித்த எண்ணெயைச் சின்னக் கடைக்கு விற்காமல் சவர்க்காரம் செய்பவருக்குக் கொடுக்க ஒப்பந்தம் போடுங்கள். ஓடர் கொடுக்கப் போகும்போது கேனைப் பார்த்ததோடு திரும்பி வராதீர்கள். குனிந்து தாச்சிக்குள் பாருங்கள். அடி தெரிகிறதா என்று பாருங்கள்.