மிச்சமும் எச்சிலும்

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்களுக்கு 'ஆர்ட்' என்ற மூன்றெழுத்துச் சொல் தெரிந்திருக்கும். கலை இல்லை, ஓ-வில் தொடங்கும் வேறொன்று. சாப்பிட்டு மிஞ்சிய துணுக்கு என்று பொருள். ஷேக்ஸ்பியரில் இருக்கிறது; பேச்சில் கிட்டத்தட்ட செத்துப்போச்சு. வேரைத் தேடிப் போனால் பழைய டச்சு, கீழ் ஜெர்மன் பக்கம், மாடு தின்னாமல் விட்ட தீவனம் என்று வருகிறது. மாடு ஒதுக்கியதற்கு வைத்த பெயர், பிறகு மனுசன் தட்டுக்கு வந்திருக்கிறது.

ராசிபுரம் பக்கம் எங்க ஊர்ல இது தலைகீழ். மனுசன் கழித்ததுதான் மாட்டுக்கு. அரிசி கழுவின தண்ணி, வடிகஞ்சி, காய்த்தோல் எல்லாம் கழனித் தொட்டிக்குப் போகும். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை திப்பி. அதையும் காயவைத்துத் தீவனத்துக்கு விற்பார்கள். திப்பியை யாரும் எச்சில் என்று சொல்வதில்லை. வாய் படவில்லையே.

தமிழில் கோடு அங்கேதான் விழுகிறது. எச்சம், எச்சில் இரண்டுக்கும் வேர் 'எஞ்சு' என்பதுதான். காக்கை போடுவது எச்சம். முடிக்க இன்னொரு சொல் தேவைப்படும் 'வந்த', 'வந்து' இலக்கணத்தில் எச்சம். ஒருவர் தக்கவரா என்பதை அவர் எச்சத்தை வைத்து அறியலாம் என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் அதற்குப் பிள்ளைகள் என்று பொருள் சொல்கிறார். வாய் பட்டால் மட்டும் எச்சில்.

களை வெட்ட வருகிற அக்காவுக்கு அப்பத்தா பழைய சோறு போடும். "மிச்சந்தான் கண்ணு, எச்சி இல்ல" என்று சொல்லியே போடும். பொய் இல்லை, பானையில் இருந்த சோறுதான். ஆனால் அந்த அக்கா கொண்டுவந்த போசியில், எட்ட நின்று, கை உயர்த்தி, படாமல் விழும். அவர் தண்ணி குடிக்கிற டம்ளர் மாட்டுக் கொட்டகையில் தனியாக இருக்கும். சோறு சுத்தமாகத்தான் இருந்தது. வாங்குகிற வாயை எச்சில் என்று முன்னாடியே முடிவு பண்ணியிருந்தோம்.

இப்போ பெங்களூரில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் ஃபிரிட்ஜைத் திறந்து, "நேத்து பிரியாணி மிச்சம் இருக்கு, எடுத்துக்கறீங்களா?" என்று நானும் கேட்கிறேன். தனி டம்ளர் இல்லை. கை உயர்த்துவதும் இல்லை. ஆனால் ராத்திரி இதை நான் சாப்பிடுவேனா? பெரும்பாலும் மாட்டேன்.

அப்போ குப்பையில் கொட்டிவிடலாமா? அதுவும் தப்புதான். நேற்றே, சூடாக இருக்கும்போதே, ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. முகர்ந்து பார்த்து ஒதுக்கியபின்தான் அவர் ஞாபகம் வந்தது. மிச்சம் என்று நான் சொன்னதற்குச் சரியான பெயர், அந்த டச்சுத் தொழுவத்துச் சொல்தான்.