பட்டுப்புழுவும் பவளப்பாறை மீனும்

ஆங்கிலேயர் 'ஏஞ்சல்' என்று பெயரிட்டழைக்கும் மீன் குலம் ஒன்று உண்டு. நம் நாட்டு வண்ணமீன் வணிகரும் அப்பெயரையே வழங்குகின்றனர். வானவர்களாகிய மலக்குகளுக்கு உணவுமில்லை, பசியுமில்லை என்பது நாமறிந்ததே. இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் இல்லத்திற்கு விருந்தினராய் வந்தோர் உணவின்பால் கை நீட்டாமையே அவர்கள் யாரெனக் காட்டிற்று. இம்மீன்களுக்கோ பசியுண்டு. அப்பசியைப் பற்றியே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

அமேசான் ஆற்றிலிருந்து வந்து, இன்று நம் ஊர்க் கண்ணாடித் தொட்டிகளிலெல்லாம் வளரும் நன்னீர் ஏஞ்சல் மீன் வேறு; அதனை நாம் குறிக்கவில்லை. இவை செங்கடலிலும், மாலத்தீவைச் சூழ்ந்த கடலிலும், நம் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகளிடையே வாழ்பவை. இவற்றுள் 'பேரரசர்' எனப்படும் இனம் குஞ்சாயிருக்கையில் கருநீல உடலில் வெண்ணிற வளையங்கள் கொண்டிருக்கும். வளர்ந்தபின் அவ்வளையங்கள் மறைந்து நீலமும் மஞ்சளுமான நெடுங்கோடுகள் தோன்றும். இரண்டும் ஒரே மீன் என்று சொன்னால் கண்டவர் நம்பார். இன்னோர் இனத்தின் வாலில் அமைந்த கோடுகள் அரபு எழுத்தைப் போல் தோன்றுவதால், வணிகர் அதற்குத் திருமறையின் பெயரையே சூட்டிவிட்டனர். அப்பெயர் கேட்டு விலை கொடுப்போரும் உளர். படைப்பு முழுவதுமே அத்தாட்சியாயிருக்க, வாலில் எழுத்துத் தேடவேண்டிய தேவை என்னவோ, நாமறியோம்.

இத்தகைய மீன்களை வீட்டிலே வளர்ப்பதற்கெனக் கடலின் ஒரு துண்டையே கூடத்தில் அமைக்கின்றனர். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, 25 பாகை அளவான வெப்பம், ஓயாத நீரோட்டம், உயிர்ப்பவளம் வளர்தற்கேற்ற விளக்கொளி, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி ஆகிய அனைத்தும் வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றால் உயிர்க்காற்றுக் குறைந்து தொட்டியே மடியலாம். இதனைச் செல்வர்தம் பகட்டென்று ஒதுக்கிவிட நாம் ஒருப்படவில்லை. கால்நடைகள் காலையில் மேயப் போவதிலும் மாலையில் திரும்புவதிலும் அழகு உண்டென்பதைத் திருமறையின் நஹ்ல் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு வினவிய செய்தியிலிருந்து மட்டும் அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனி நூலே யாத்தார் இப்னுல் காஸ் என்ற ஷாஃபிஈ அறிஞர். சிற்றுயிரை வளர்த்து மகிழ்தல் ஆகும் என்பதற்கு அச்செய்தியைச் சான்றாகக் கொண்டனர் நம் முன்னோர். ஆகவே வளர்க்கலாமா என்பதன்று வினா. எதை வளர்க்கலாம் என்பதே வினா.

'ரீகல்' எனப்படும் ஏஞ்சல் மீனை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் உடலில் கருங்கரையிட்ட வெண்பட்டைகள் பூண்ட அதன் எழில் சொல்லுக்கடங்காது. பாறை இடுக்குகளில் வளரும் கடற்பஞ்சும், பை போன்ற உடலுடன் பாறையில் ஒட்டி வாழும் சிற்றுயிர்களும் அதன் இரை. பிடிபட்டுப் பல நாள் பயணம் செய்து தொட்டிக்கு வந்தபின், நாம் தூவும் உலர்தீனி அதன் கண்ணுக்கு இரையாகவே தோன்றுவதில்லை. உணவு அதன் முகத்தெதிரே விழுகின்றது. அது பார்த்துக்கொண்டே நிற்கின்றது. சில வாரங்களில் முதுகு மெலிந்து வயிறு ஒட்டி இறந்துபோகின்றது. இவ்வாறு இறப்பவை பலவென்பது இத்துறையில் பழகியோர் அனைவரும் அறிந்தது.

"யாம் உணவிடத் தவறவில்லையே, அது உண்ணாமற்போனால் எம்மேல் குற்றமென்ன?" என்று வளர்ப்பவர் கேட்கலாம். வலுவான கேள்விதான். பூனையைக் கட்டிவைத்து, உணவும் இடாமல், பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தானே தேடியுண்ண விடவும் செய்யாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தி ஹதீதிலே உளது. அப்பெண்ணின் முன் இரு வாயில்கள் இருந்தன: உணவிடலாம், அன்றி அவிழ்த்துவிடலாம். தொட்டியின் உரிமையாளர்க்கு இரண்டாவது வாயில் அடைபட்டுவிட்டது. இந்தோனேசியக் கடலின் மீனைச் சென்னைக் கடலில் விடுவது விடுதலையாகாது. நோயையும் உடன் விடுவதாகலாம். 1985இல் ஃபுளோரிடா கடலில் முதன்முதலாகக் காணப்பட்டுப் பின் கரீபியன் கடலெங்கும் பரவிய சிங்க மீன், வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதன் வழியே பெருகிற்றென்பது ஆய்வாளர் கருத்து. அம்மீன் அங்குள்ள சிறு மீன்களை விழுங்கித் தீர்க்கின்றது.

எஞ்சியிருப்பது முதல் வாயில் ஒன்றே. அதைப் பற்றி நம் சட்ட நூல்கள் மிக நுணுக்கமாகப் பேசுகின்றன. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நம் மதரஸாக்களில் ஓதப்படும் கிதாபு. கால்நடைக்குத் தீனியும் நீரும் அளிப்பது உடையவன்மேல் கடமை. மறுத்தால் விற்கவோ, தீனியிடவோ, உண்ணத்தக்கதாயின் அறுக்கவோ அவன் வற்புறுத்தப்படுவான் என்பது அதன் தீர்ப்பு. அவர்களுடைய 'ரவ்ளா' இன்னும் ஒரு படி செல்கின்றது. தேன்கூட்டில் தேனீக்களுக்கென்று ஒரு பங்கு தேனை விட்டுவைப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, பட்டுப்புழுவைப் பற்றியும் பேசுகின்றது. முசுக்கொட்டை இலை அரிதாகி, உடையவனும் புழுக்களைக் கவனியாதிருந்தால், அவனது பொருளை விற்று இலை வாங்கப்படும் என்கின்றது.

இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். புழுவுக்கு முன் ஏதோ ஒரு கீரையை இட்டால் போதுமென்று கூறவில்லை. எந்த இலையை அது உண்ணுமோ அந்த இலையே கடமையாகின்றது. அதற்காக உடையவனின் உடைமையும் விலைபோகும். உணவிடல் என்பது நம் கையசைவால் அளக்கப்படுவதன்று. உயிரின் வயிற்றால் அளக்கப்படுவது. இவ்வளவுகோலால் நோக்கின், கடற்பஞ்சை உண்ணும் மீனுக்கு உலர்தீனியைத் தூவியவர், பட்டுப்புழுவின் முன் வைக்கோலைப் பரப்பியவரே ஆவார். விற்றுவிடலாமே எனில், அப்போது பசி கை மாறுகின்றதேயன்றித் தீர்வதில்லை.

இத்தகைய மீன்களையும் பல ஆண்டுகள் நலமுற வளர்த்தோர் உளர் என்பதை நாம் மறைக்கவில்லை. அவர்கள் முரட்டு மீன்களை அருகில் விடாமல், சிப்பியைத் திறந்து பாறையில் வைத்து, கடற்பஞ்சு கலந்த உறைதீனியைத் தேடி வாங்கி, நாளுக்குப் பலமுறை பொறுமையோடு ஊட்டுகின்றனர். பவளத்தையும் அம்மீன் கொத்தக்கூடும். அந்த இழப்பையும் ஏற்கின்றனர். இவர்களை 'இலை வாங்கியவர்' வரிசையிலே வைக்கலாம். எனினும் ஒரு மீன் இவர்கள் கைக்கு வந்து சேர்வதற்குள், வலையிலும் பையிலும் கடைத் தொட்டியிலும் இறந்தவை எத்தனை என்று இவர்களும் எண்ணிப்பார்த்தல் தகும். பிலிப்பைன்ஸ் கடலில் 1960களிலிருந்தே சயனைடு நஞ்சைப் பாறை இடுக்குகளில் பீச்சி, மயங்கிய மீன்களை அள்ளும் வழக்கம் புகுந்தது. மயக்கத்திலிருந்து தப்பிய மீன் பிறகு இறப்பதும் உண்டு. பாறையிலுள்ள பவளமோ அங்கேயே மடிகின்றது.

ஏஞ்சல் இனங்களுள் சிலவற்றைப் பண்ணையில் பொரிக்கச் செய்யும் முயற்சிகள் வெற்றி பெற்றுள்ளன; ஆயினும் விற்பனைக்கு வருபவற்றுள் பெரும்பாலானவை இன்னும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. கோமாளி மீனின் நிலை வேறு. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைத் தொட்டியிலேயே முட்டையிட்டுப் பொரிக்கச் செய்துள்ளனர். பண்ணையில் பிறந்த அக்குஞ்சு தூவும் தீனியை உண்ணப் பழகியே வளர்ந்தது.

பிள்ளைகளின் வேண்டுதலுக்கிணங்கிக் கடைக்குச் செல்லும் பெற்றோர், மீனின் விலையைக் கேட்குமுன், அதற்குத் தீனியிட்டுக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்கட்டும். "இங்கே உண்ணாது, வீட்டுக்குப் போனால் உண்ணும்" என்று அவர் சொல்வாராயின், அந்தப் பையை அவரிடமே விட்டுவிட்டுப் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் உண்டாவென்று கேட்கட்டும்.