பத்திரத்தில் அடங்காத நிழல்

ஒருவர் மனை வாங்குகிறார். அதில் நெடுங்காலமாக நிற்கும் வேப்பமரமும் அவருடையதாகிறது. வாகனம் நிறுத்த இடம் வேண்டியிருக்கிறது. நாள்தோறும் சருகு கூட்டுவது சலிப்பைத் தருகிறது. வேர் சுவரைப் பெயர்க்குமோ என்ற அச்சமும் எழுகிறது. "என் நிலம், என் மரம், வெட்டினால் என்ன?" என்கிறார்.

இக்கேள்விக்கு ராஜஸ்தானத்துக் கேஜர்லி கிராமம் 1730-ஆம் ஆண்டிலேயே விடை தந்தது. ஜோத்பூர் மன்னர் அபய சிங்கின் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. வன்னி மரங்களை வெட்டச் சேவகர்கள் வந்தனர். பச்சை மரத்தை வெட்டலாகாது என்பது, குரு ஜம்பேஸ்வரர் பிஷ்னோய் மக்களுக்கு வகுத்த 29 நெறிகளுள் ஒன்று. அம்ருதா தேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று உயிர் நீத்தார். அவருடைய மூன்று புதல்வியரும் அவ்வாறே மாண்டனர். மொத்தம் 363 பேர் உயிர்த்தியாகம் செய்ததாக அச்சமூகம் போற்றி வருகிறது. மன்னர் வருந்தி, பிஷ்னோய் கிராமங்களில் மரம் வெட்டுவதைத் தடைசெய்தார். தமக்கிருந்த அதிகாரம் வேறு, அறம் வேறு என்பதை அவர் உணர்ந்தார்.

இன்றைய உரிமையாளரிடம் எவரும் உயிரைக் கேட்கவில்லை. சற்றுப் பொறுமையையே கேட்கின்றனர். பத்திரம் நிலத்திற்கு எல்லை வகுக்கும். நிழலுக்கு எல்லை இல்லை. வழிப்போக்கருக்கும் பறவைக்கும் அதில் பங்குண்டு. டெல்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி பெற வேண்டும்.

"ஒன்றுக்குப் பத்தாகக் கன்று நடுவேன்" என்பது நல்லெண்ணமே. ஆனால் அக்கன்றுகள் இந்நிழலைத் தரப் பல்லாண்டுகள் ஆகும். இன்று கூடிழக்கும் பறவை அதுவரை எங்கே காத்திருக்கும்?

அச்சத்திற்கும் வழியுண்டு. காய்ந்த கிளைகளை மட்டும் தொழிலறிந்தவரைக் கொண்டு நீக்கலாம். உச்சியை மொட்டையடித்தால் மரம் நலியும். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்டு பூசாமல் மண்ணைத் திறந்துவிட்டால், நீரும் காற்றும் வேருக்குச் செல்லும். கட்டட வரைபடத்தையும் மரத்திற்கேற்ப மாற்றலாம். விழும் நிலையிலுள்ள மரத்தை அகற்றுவது குற்றமன்று. ஆயினும் அதை வல்லுநர் கூறட்டும், சலிப்பு கூற வேண்டாம்.

பயன் கருதாத பணியைப் பகவத்கீதை கற்பிக்கிறது. அப்பாடத்தை வாசலிலேயே நாளும் நடத்துகிறது மரம். கோடரிக்கு ஆள் அனுப்புமுன், உரிமையாளர் ஒரு நண்பகலில் அதனடியில் சற்றே அமரட்டும். தாம் அதற்கு உரிமையாளரல்லர், காவலரே என்பது அந்நிழலில் அவருக்கு விளங்கும்.