எழுந்து வரும் உடல் எவ்வுடல்?

இறந்தோர் எப்படி எழுவர், எத்தகைய உடலோடு வருவர் என்று கொரிந்து நகரத்துச் சபையில் ஐயம் எழுந்தது. நியாயமான ஐயம். அதற்குப் பவுல் எழுதிய மறுமொழி, கேட்பவனை அறிவிலி என்று அழைத்துக்கொண்டே தொடங்குகிறது! கேள்வி கேட்போருக்கு எந்த மதமும் தயங்காமல் தரும் பட்டம் அது, நமக்கும் பழக்கமானதே.

ஆயினும் பவுல் வசையோடு நிற்கவில்லை. விதை மடிந்து பயிராவது போல, அழியும் உடல் விதைக்கப்பட்டு அழியாத உடலாய் எழும் என்றார். அழகிய உவமை. ஆனால், முளைப்பது செத்த விதையன்று, உயிருள்ள விதை என்பதை எந்த உழவனும் சொல்வான்.

உவமையால் நிறைவடையாதோர் மேலும் துருவினர். அவர்களுக்கு விடையிறுக்க அமர்ந்தவர், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன். கி.பி. 426 அளவில் அவர் முடித்த 'கடவுளின் நகரம்' நூலின் கடைசிப் பகுதியான 22ஆம் பகுதியில் விளக்கங்கள் வரிசையாக வருகின்றன. வெட்டி எறிந்த மயிரும் நகமும்? அவற்றின் பொருள் உடலோடு கலந்துவிடும். பழைய இடத்திலேயே வந்து ஒட்டி விகாரமாகாது. பச்சிளங் குழந்தை? 30 வயதை ஒட்டிய முழு வளர்ச்சியோடு எழும். பெண்? பெண்களும் ஆண்களாகவே எழுவர் என்று சாதித்தோர் அன்று இருந்தனர். பெண்மை குறையன்று, இயற்கையே என்று அகுஸ்தீன் மறுத்தார். அந்த அளவுக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். மனிதனை மனிதன் தின்றிருந்தால் அந்தத் தசை யாருக்கு? முதலில் உடையவனுக்கே, தின்றவன் பெற்றது கடன்!

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஓரிடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஊனம் எல்லாம் நீங்கும், இழந்த உறுப்பு திரும்பும். மதத்துக்காக உயிர் நீத்தவர்களின் தழும்புகள் மட்டும் பெருமையின் சின்னமாய் விளங்கக்கூடும் என்கிறார். தப்பியோடிப் பிடிபட்ட ரோமானிய அடிமையின் நெற்றியில் குத்திய எழுத்து? பெருமைக்குரிய தழும்புகளில் அதற்கு இடமில்லை. அதே நூலின் 19ஆம் பகுதியோ, அடிமைத்தனம் பாவத்தின் தண்டனை என்றும், மனித ஆதிக்கம் அனைத்தும் ஒழியும் நாள்வரை அடிமைகள் மனமுவந்து தொண்டு செய்யட்டும் என்றும் அறிவுரை கூறுகிறது. நாளைய உடலில் நகக்கணு கூடக் குறையாதிருக்கக் கவலைப்பட்ட பேனா, இன்றைய உடலின் விலங்கைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. மறுமையில் வருவது மாசற்ற உடல் என்பது உறுதியாகிவிட்டால், இம்மையில் கிழியும் முதுகைப் பற்றி அவசரப்படுவானேன்?

குறைபட்ட உடலைச் சீராக்கும் ஆசை தவறன்று. அதற்கு எக்காளம் ஒலிக்கும் நாளுக்காகக் காத்திருக்க மறுத்தவர்களும் உண்டு. 1905ஆம் ஆண்டு, இன்று செக் நாட்டிலுள்ள ஓலமோட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த தொழிலாளி ஒருவருக்கு, காயத்தால் கண்ணை இழக்க நேர்ந்த சிறுவன் ஒருவனின் கருவிழியை மருத்துவர் எட்வர்ட் சிர்ம் பொருத்தினார். ஒரு கண்ணில் பார்வை நிலைத்தது. இறந்தோரின் கருவிழியைத் தானமாக அளிப்பதை 1956இல் போப்பாண்டவர் 12ஆம் பயஸே ஆதரித்துப் பேசினார். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அகுஸ்தீன் வகுத்த கணக்கின்படி பார்த்தால் ஓலமோட்ஸ் கருவிழி சிறுவனுடையதே; தொழிலாளி பெற்றது கடன். அந்தக் கடனைக் கொண்டு அவர் மீண்டும் வேலைக்குப் போனார்.