அலங்காரம் என்கிற சொல்

'அலங்காரம்' என்ற சொல்லை நானும் விமர்சனத்தில் வசையாகவே பயன்படுத்தி வந்திருக்கிறேன். கவிதைக்குள் ஒன்றுமில்லை என்று சொல்லத் தைரியம் வராதபோது அது கைகொடுக்கும். கங்கா தேவியின் கோஹ்பர் அறைக்கு நேர்ந்ததை அறிந்தபின் அந்தச் சொல் எனக்குச் சௌகரியமாக இல்லை.

கோஹ்பர் என்பது பீஹாரின் மிதிலைப் பகுதியில் மணமக்களின் அறை. அதன் மண்சுவரில் வீட்டுப் பெண்கள் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் வரைவார்கள். எல்லாம் வம்சவிருத்தியை வேண்டுபவை. கல்யாணம் முடிந்தால் மங்கும், அடுத்த மெழுகலில் மறையும். 1966-67 வறட்சியின்போது, நாலு காசு வரட்டும் என்று இப்பெண்களிடம் காகிதம் கொடுக்கப்பட்டது. அதுவரை சடங்காக இருந்தது, பெயர் போட்ட படமாயிற்று.

கங்கா தேவி (1928–1991) அப்படி வெளியே தெரியவந்தவர். பிள்ளையில்லை என்று கணவர் இன்னொருத்தியை மணந்துகொண்டார். இவரோ தாமரையையும் மூங்கிலையுமே திரும்பத் திரும்ப வரைந்தார். மறுக்கப்பட்டதற்காக ஏங்கி வரைந்தார் என்பது மலிவான வாசிப்பு. (பெண்களின் படைப்பு என்றதும் நாம் உடனே அவர்கள் கண்ணீரைத் தேடுகிறோம்.) அந்த மெல்லிய கோடுகளில் நடுக்கமில்லை, ஒவ்வொரு இலையையும் கணக்கோடு நிரப்பிச் செல்லும் நிதானம்தான் இருக்கிறது. தன் ஆஸ்பத்திரி நாட்களையும் அவர் அதே கோட்டில்தான் வரைந்தார்.

புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே, டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுவதையும் கோஹ்பராக வரைந்து முடித்தார். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 2015இல், அது அழிக்கப்பட்டது.

"மறைவதற்காகத்தானே வரைகிறார்கள், இதில் புலம்ப என்ன இருக்கிறது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயம்போலத் தோன்றும் கேள்வி. இரண்டு நாள் என்னிடம் பதிலில்லை. ஆனால் கிராமத்தில் சுவரை மெழுகுகிற கை, அடுத்த கல்யாணத்துக்கு மறுபடியும் வரையத் தெரிந்த கை. அங்கே அழிப்பதும் வரைகிறவர்களின் காரியம். டெல்லியில் அழித்தவர்களுக்கு அந்தக் கோடு கைவராது, வரைந்தவரும் உயிரோடில்லை. எண்ணெய்ச் சாயத்தில் கையெழுத்திட்ட ஓர் ஆண்பிள்ளையின் சுவராக இருந்திருந்தால், தொடுவதற்குமுன் ஒரு கமிட்டியாவது கூடியிருக்கும். இது வீட்டுப் பெண்களின் அலங்காரம். இன்னொருத்தியைக் கூப்பிட்டு வரைந்துகொள்ளலாம் என்ற நினைப்பு. அந்த நினைப்பை வளர்த்ததில் என் விமர்சனங்களுக்கும் பங்குண்டு.

நண்பரிடம் இதைச் சொன்னேன். "போட்டோ எடுத்து வைத்திருப்பார்களே" என்றார்.